முளைப்பாரி மழையைச் சொல்லாது, விதையைச் சொல்லும்

ஆடி பிறந்துவிட்டால் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டக் கிராமங்களில் முளைப்பாரிப் பேச்சு கிளம்பிவிடும். காப்புக் கட்டும் நாள் குறிப்பார்கள். குயவரிடம் ஓட்டுக்குச் சொல்லி வைப்பார்கள். பெண்கள் தானியம் சேர்க்கத் தொடங்குவார்கள். சில ஊர்களில் ஆவணி, புரட்டாசியிலும், வேறு சில ஊர்களில் பங்குனியிலும் நடப்பதுண்டு. ஆனாலும் ஆடிக்கு உள்ள களையே தனி.

கோயில் காரியத்துக்கு வேளாண்மைப் பக்கத்தில் என்ன வேலை என்று விவசாய நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. முளைப்பாரி என்பது ஊரின் விதைச் சோதனை. பெண்களின் பாட்டும் கும்மியும் சேர்ந்த கலை. ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் பத்து நாள் கூட்டம். இம்மூன்றும் ஒரே ஓட்டில் வளர்ந்தன. இப்போது கும்மி ஓரளவு நிற்கிறது. விதை கழன்றுவிட்டது. விசாரிப்பு குறைந்துவிட்டது. விதையை மறுபடியும் அந்த ஓட்டுக்குள் கொண்டு வந்தால் மற்ற இரண்டும் தாமாகவே வலுப்படும் என்பது என் கருத்து. ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன்.

வளர்க்கும் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓட்டின் அடியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் நன்கு மக்கிய ஆட்டு எருவையோ மாட்டு எருவையோ பொடித்துச் சலித்துப் போடுவார்கள். இரவில் ஊறவைத்த தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு, உளுந்து, சோளம், கம்பு, கேழ்வரகு போன்றவற்றை அதன்மேல் தூவி, மீண்டும் எருப்பொடியால் மூடுவார்கள். வெளிச்சம் புகாத அறையில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பார்கள். மாலையில் முளைக்கொட்டுத் திண்ணையைச் சுற்றிப் பெண்கள் கும்மி அடிப்பார்கள். ஏழு முதல் பத்து நாளில் முளை ஓட்டுக்கு மேலே எழும்பி நிற்கும். கடைசி நாளில் குலவையோடு தலையில் சுமந்து சென்று கண்மாயிலோ ஊருணியிலோ ஆற்றிலோ கரைப்பார்கள்.

இந்த வழக்கம் நேற்று வந்ததன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் திருமணத்திலேயே பாலிகையும் முளைக்குடமும் ஏந்திய மகளிர் வருகிறார்கள். திருமணத்தில் பாலிகை தெளிக்கும் வழக்கம் சில குடும்பங்களில் இன்றும் உண்டு. முளைக்கும் தானியத்தை நல்ல காரியத்துக்கு முன்னால் வைப்பது நம்மவர்களின் பழைய புத்தி.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். பாரி நன்றாக வளர்ந்தால் அந்த ஆண்டு மழை உண்டு, விளைச்சல் உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். மழையைப் பற்றி முளைப்பாரியால் ஒன்றும் சொல்ல முடியாது. இருட்டறைக்குள் வளரும் பயிருக்கு வங்கக் கடலில் நடப்பது தெரியாது. நெட்டையாக, வெளிறிய மஞ்சள் நிறத்தில் வளர்ந்திருப்பதும் செழிப்பின் அறிகுறி அன்று. வெளிச்சம் கிடைக்காத முளையில் பச்சையம் உண்டாவதில்லை. வெளிச்சத்தைத் தேடித் தண்டு மட்டும் நீண்டுகொண்டே போகும். விதைக்குள் சேமித்திருந்த உணவைச் செலவழித்து வளரும் வளர்ச்சி அது.

ஆனால் விளைச்சலைப் பற்றிய வாக்கில் உண்மை இருக்கிறது. பாரி முழுவதும் ஒரே சீராக, ஒரே உயரத்தில் எழும்பினால் விதை உயிரோட்டமாக இருக்கிறது என்று பொருள். சொட்டை சொட்டையாக எழும்பினாலும், அடியில் அழுகி நாற்றமடித்தாலும் விதையில் கோளாறு இருக்கலாம். அளவுக்கு மீறித் தண்ணீர் தெளித்திருக்கலாம். எரு மக்காமல் இருந்திருக்கலாம். வீட்டு விதை கெட்டிருந்தால் விளைச்சலும் கெடத்தானே செய்யும்? நெட்டையைப் பார்த்துக் குலவையிட வேண்டாம். சீரைப் பார்த்துக் குலவையிடுங்கள்.

இதற்கு ஆடி எவ்வளவு பொருத்தமான மாதம் என்பதைக் கவனிக்க வேண்டும். நமது மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. தென் மாவட்ட மானாவாரியில் பயறும் சோளமும் பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் அறுவடை ஆகின்றன. அறுத்த விதை மறு விதைப்புவரை ஏழெட்டு மாதம் வீட்டில் கிடக்கிறது. அதற்குள் பங்குனி வெயில், கத்திரி வெயில் எல்லாம் அதன்மேல் போய்விடும். பயறு வண்டு துளைத்துவிடும். குலுக்கையில் ஈரம் ஏறியிருந்தால் முளைப்புச் சக்தி போய்விடும். வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாது. ஆடியில் ஒரு கைப்பிடியை முளைக்கவிட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நல்ல விதையைத் தேடிக்கொள்ள அதன் பிறகும் ஆறு முதல் எட்டு வாரம் கையில் இருக்கும். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழியில் 'தேடி' என்பதற்குப் பட்டத்தைத் தேடி என்று பொருள் சொல்வார்கள். விதையைத் தேடி என்று எடுத்துக்கொண்டாலும் பிழையில்லை.

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு எங்கே அறுந்தது? மளிகைக் கடையில்தான். இப்போது பல ஊர்களில் காப்புக் கட்டுவதற்கு முதல்நாள் 'நவதானியப் பாக்கெட்' வாங்கி வந்துவிடுகிறார்கள். பாக்கெட்டில் கோதுமையும் கொண்டைக்கடலையும் இருக்கின்றன. நம் மானாவாரிக் காட்டில் கோதுமையை யார் விதைத்தார்கள்? அதிலுள்ள மற்றத் தானியமும் எந்த ஊரில், எந்த ஆண்டு விளைந்தது என்று தெரியாது. அது முளைத்தாலும் முளைக்காவிட்டாலும் நம் நிலத்துக்கு அதனால் ஒரு தகவலும் இல்லை. தேர்வு நடக்கிறது, ஆனால் வேறு எவர் வீட்டுப் பிள்ளையோ எழுதுகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அவசரத்துக்கு விதைக் கடையிலிருந்து மருந்து கலந்த விதையை வாங்கி முளைப்பாரி போடுவது. சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏற்றிய விதை பூச்சிக்கொல்லி அல்லது பூசண மருந்து கலந்த விதையாகும். அதைப் பெண்கள் வெறுங்கையால் ஊறவைத்து, குழந்தைகள் தூங்கும் வீட்டில் வளர்த்து, கடைசியில் ஆடும் மாடும் தண்ணீர் குடிக்கும் ஊருணியில் கரைக்கிறோம். இதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது.

நூறு விதைக் கணக்கு

பாரியில் பல தானியம் கலந்து நெருக்கமாக முளைப்பதால் அதில் எண்ணிக்கை பார்க்க முடியாது. ஆகவே பாரி போடும் அதே நாளில், ஒவ்வொரு வீட்டு விதைக்கும் தனியாக ஒரு சோதனை வைக்க வேண்டும். செலவே இல்லாத சோதனை இது. பழைய சணல் சாக்குத் துண்டை நன்கு அலசி, வெந்நீரில் நனைத்து, ஆறியபின் பிழிந்து விரிக்கவும். விதைக் குவியலின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துக் கலந்து, பொறுக்காமல் 100 விதை எண்ணிக்கொள்ளவும். பொறுக்கி எடுத்த அழகான விதையைச் சோதித்து நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதில் பயனில்லை. வரிசைக்கு 10 வீதம் 10 வரிசையாக அடுக்கி, மேலே இன்னொரு ஈரத் துண்டைப் போர்த்தி, பாய்போலச் சுருட்டி, இரு முனையையும் தளரக் கட்டி நிழலில் சாய்த்து வைக்கவும். காயவிடாமல் தண்ணீர் தெளித்து வந்தால் போதும். ஊறிக் கிடக்கவும் கூடாது.

எட்டாம் நாள் பிரித்து எண்ணவும். நெல்லுக்கு மட்டும் 14 நாள் பொறுக்க வேண்டும். நல்ல வேரும் நல்ல குருத்தும் உடைய முளைகளை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும். வேர் இல்லாதது, முறுக்கிக்கொண்டது, அழுகியது கணக்கில் வராது. பயறு வகைகளில் சில விதைகள் தண்ணீரே குடிக்காமல் கல்லுப் போலக் கிடக்கும். அவை செத்த விதைகள் அல்ல. தோல் கடினமானதால் தாமதிக்கின்றன; தனியே எண்ணிக்கொள்ளுங்கள்.

சான்று விதைக்குச் சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச முளைப்பு நெல்லுக்கு 80 சதவீதம். பயறு வகை, சோளம், கம்பு, கேழ்வரகுக்கு 75 சதவீதம். நிலக்கடலைக்கு 70 சதவீதம். உங்கள் வீட்டு விதை இந்த அளவைத் தாண்டினால் கவலையில்லை. சற்றுக் குறைந்தால் விதை அளவைக் கூட்டிக்கொள்ளலாம். உளுந்துக்கு ஏக்கருக்கு 8 கிலோ போதும் என்கிறோம். அது 75 முளைக்கும் விதைக்கு. 60தான் முளைக்கிறது என்றால் 10 கிலோ போட வேண்டும். 50க்கும் கீழே போனால் அந்த விதையைச் சமையலுக்கு ஒதுக்கிவிட்டு வேறு விதை தேடுவதே நல்லது. எண்ணிக்கை நிரம்பினாலும் அந்த முளைக்கு வீரியம் இராது. ஒரு வாரம் மழை தள்ளிப்போனால் தாங்காது.

எதை வீட்டில் விதையாக வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். நெல், கேழ்வரகு, உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு ஆகியவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் குணம் மாறாது. கம்பும் துவரையும் அயல் மகரந்தம் ஏற்கக்கூடியவை. அவற்றுக்குப் பக்கத்துக் காட்டிலிருந்து தள்ளி, வயலின் நடுப்பகுதியில் நல்ல கதிரையும் செடியையும் அடையாளம் வைத்து எடுக்க வேண்டும். மக்காச்சோளம், பருத்தி போன்றவற்றில் கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையின் மகசூலை மறுபடி விதைக்கக் கூடாது. அடுத்த தலைமுறையில் கலைந்துவிடும்.

காயவைப்பதில் நம் தாய்மார்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. பல்லில் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும் என்பார்கள். பயறு விதையில் ஈரப்பதம் 9 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று நாங்கள் கருவி வைத்துச் சொல்வதும் அதைத்தான். துவரைக்குச் செம்மண் குழம்பு பூசிக் காயவைப்பது, காய்ந்த நொச்சி இலையையும் வேப்பிலையையும் இடையிடையே போடுவது எல்லாம் வண்டை அண்டவிடாத நல்ல முறைகள். உச்சி வெயிலில் மட்டும் விதையைப் போட வேண்டாம்.

வீட்டு விதையை வைப்பதும் கைமாற்றுவதும் சட்ட விரோதம் என்று சிலர் பயமுறுத்தி வருகிறார்கள். அது தவறு. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறிக்கொள்ளவும் பகிரவும் விற்கவும் விவசாயிக்கு உள்ள உரிமையை எழுத்தில் தந்திருக்கிறது. பாதுகாப்புப் பெற்ற ரகத்தைப் பெயர் அச்சிட்ட பையில் போட்டு வியாபாரமாக விற்கக் கூடாது. அவ்வளவுதான்.

திருவிழாவும் விதையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. தென் மாவட்டத்தை விட்டுச் சற்று வடக்கே, காவிரிக் கடைமடைப் பக்கம் போனால் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 2006 முதல் நெல் ஜெயராமன் அவர்கள் நெல் திருவிழா நடத்தி வந்தார்கள். அவர் 2018 டிசம்பரில் காலமானார். வந்த விவசாயிக்கு ஒரு பாரம்பரிய நெல் ரகத்தில் 2 கிலோ கொடுப்பார்கள். வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். வட்டி கடுமைதான். ஆனால் நெல்லுக்கு அது ஒரு பொருட்டா? அந்த வழியில் மறைந்துபோன நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் மறுபடி வயலுக்கு வந்தன. எல்லா வயலுக்கும் பாரம்பரிய நெல்லே போதும் என்று நான் வாதாடவில்லை. பல ரகங்கள் வயது கூடியவை, சாயக் கூடியவை. நான் கவனிக்கச் சொல்வது அந்த ஏற்பாட்டை. 'திட்டம்' என்று அழைத்திருந்தால் விண்ணப்பப் படிவம் கேட்டிருப்போம். 'திருவிழா' என்று அழைத்ததால் குடும்பத்தோடு வந்தார்கள். வாங்கிய கடனைத் திருப்பித் தராமல் மறுஆண்டு முகத்தைக் காட்ட வெட்கப்பட்டார்கள்.

விரிவாக்கப் பணியில் இருக்கும் என் போன்றோர் இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1960களின் நடுவில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 நெல் வானொலி வழியாகப் பரவியதால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. அன்று பெட்டி பேசியதோடு காரியம் முடியவில்லை. ஊர்ச் சாவடியில் கூடிக் கேட்டவர்கள் அதைப்பற்றி ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். பிற்காலத்தில் நாங்கள் செய்தது என்ன? வில்லுப்பாட்டுக்காரரையும் கூத்துக் கலைஞரையும் கூப்பிட்டு, துறையின் வாசகங்களைக் கையில் கொடுத்து, பாடச் சொன்னோம். அவர் யூரியா அளவை ராகத்தோடு பாடுவார். கூட்டம் சிரித்துவிட்டுப் போய்விடும். கலையை ஒலிபெருக்கியாக உபயோகித்தால் ஒலிபெருக்கிக்கு உள்ள மரியாதைதான் கிடைக்கும். முளைக்கொட்டுத் திண்ணையில் யாரும் யாருக்கும் உபதேசம் செய்வதில்லை; எல்லாரும் பாடுகிறார்கள், எல்லாரும் கை கொட்டுகிறார்கள், எல்லார் வீட்டு விதையும் நடுவில் இருக்கிறது. அதனால்தான் அது மனத்தில் நிற்கிறது.

அதோடு, விதை பெண்கள் கையில் இருக்கிறது; பயிற்சி முகாமோ பட்டா வைத்திருப்பவருக்கு நடக்கிறது. பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில். முளைப்பாரிக் காலத்தில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் மாலை நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். பிஸ்கட்டும் டீயும் கொடுத்துக் கூட்ட முடியாத கூட்டம் அது. உதவி வேளாண்மை அலுவலர் அங்கே போய், பூசாரியிடமும் பெரிய மனுஷிகளிடமும் அனுமதி கேட்டு, ஓரமாக உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்லிவிட்டு வரலாம். பேனர் கட்ட வேண்டாம்.

மருந்து என்று நான் சொன்னது

மானாவாரி விவசாயியின் தொழில் தனிமையான தொழில். மழை பொய்த்தால் அவர் வீட்டுக்குள்ளேயே அடைந்துகொள்கிறார். கடன்காரர் முகத்தைப் பார்க்கக் கூசுகிறார். வீட்டுக்காரம்மாவும் வெளியே வருவதைக் குறைக்கிறார். அப்புறம் ஒருநாள் பூச்சிமருந்து டப்பா கையில் ஏறிவிடுகிறது. வயலுக்கு வாங்கிய விஷம் வீட்டு மூலையில் இருப்பதால் எத்தனை குடும்பம் அழிந்திருக்கிறது என்பதைக் கிராமத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கும்மி அடித்தால் மனநோய் தீரும் என்று நான் எழுதினால் மருத்துவர்கள் சிரிப்பார்கள், சிரிப்பது நியாயமும்கூட. நான் சொல்வது சிறிய விஷயம். பத்து நாளும் மாலையில் கூடும் ஒரு வட்டத்தில் ஒருவர் வராவிட்டால் உடனே தெரிந்துவிடும். 'மேலத்தெரு அக்காவை ரெண்டு நாளாக் காணோமே' என்று ஒரு பெண் கேட்பாள். இன்னொருத்தி வீட்டுக்குப் போய்ப் பார்ப்பாள். காய்ச்சலா, சண்டையா, கையில் காசில்லையா என்பது தெரிந்துவிடும். தெரிந்த துன்பத்துக்கு வழி பிறக்கும். தெரியாத துன்பம்தான் ஆளைத் தின்கிறது. கிராம சுகாதார செவிலியரையும் அந்தத் திண்ணைக்கு ஒரு மாலை அழைத்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லலாம். மனம் உடைந்து பேசுபவர் யாரும் இருந்தால் தனியே விடாதீர்கள். வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தைப் பக்கத்து வீட்டிலாவது பூட்டி வையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணிலும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணிலும் கட்டணமில்லாமல் பேசலாம்.

திண்ணைப் பேச்சில் கைவைத்தியமும் கைமாறும். ஆடாதோடை, தூதுவளை, நொச்சி எந்த வேலியில் இருக்கிறது என்பது முதற்கொண்டு அங்கேதான் பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள். சளி, இருமலுக்கு இவை சரி. பாம்புக் கடிக்கும் நெஞ்சு வலிக்கும் பச்சிலை தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

மாட்டுக்கும் இது பொருந்தும். கறவை மாட்டின் மடி நோய்க்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் நம் கைவைத்தியத்தைச் சீர்செய்து பரப்பிய ஒரு முறை உண்டு. தேசிய பால்வள வாரியமும் அதைச் சிபாரிசு செய்கிறது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்துக்கொள்ளவும். மடியிலுள்ள பாலை முழுவதும் கறந்து கொட்டிவிட்டு, மடியைக் கழுவி, ஒரு கை விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 10 தடவை, 5 நாள். பாலில் இரத்தமோ சீழோ வந்தாலும், மாடு தீனி எடுக்காவிட்டாலும் மருத்துவரைக் கூப்பிடத் தாமதிக்கக் கூடாது. ஒரு வீட்டில் பலித்தது பத்து வீட்டுக்குப் போய்ச் சேர திண்ணையைவிட வேகமான தபால் இல்லை.

இத்தனை நல்லதைச் சொல்லிவிட்டு ஒரு கெட்டதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. பல ஊர்களில் முளைப்பாரி எல்லாருக்கும் உரியதாக இல்லை. இந்தத் தெருப் பாரி அந்தத் தெரு வழியே வரக் கூடாது என்று தகராறு நடக்கிறது. போலீஸ் காவலோடு ஊர்வலம் போகும் ஊரும் உண்டு. சில ஊர்களில் கணவரை இழந்த பெண்களைப் பாரி எடுக்க விடுவதில்லை. விதைக் கணக்கிலேயே இது நஷ்டம். நல்ல தட்டைப்பயறு காலனித் தெருவில் ஒரு வீட்டில் இருந்தால் அது மேலத்தெருவுக்கு எப்படி வரும்? தனியாளாய் இரண்டு ஏக்கரைக் கட்டிக் காப்பாற்றும் கைம்பெண்ணுக்கு விதை கொடுக்கவும், அவரை விசாரிக்கவும் ஊர் தயாராக இல்லையென்றால் அந்தக் கும்மி யாருக்காக? விஞ்ஞானிக்கு இதில் என்ன பேச்சு என்று சிலர் கோபிக்கலாம். ஒரே கண்மாய்த் தண்ணீரில் பிழைக்கும் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தால் எந்த விஞ்ஞானமும் அங்கே பலிப்பதில்லை என்பது என் அனுபவம்.

'ஆத்தா காரியத்தில் கணக்கு எதுக்கு?' என்று பூசாரிகள் கேட்பார்கள். காப்புக்கோ விரதத்துக்கோ கும்மிக்கோ குறுக்கே யாரும் வரவில்லை. பாரி போடும் நாளில் ஒரு சாக்குத் துண்டு கூடுதல், அவ்வளவுதான். 'இதெல்லாம் மூடநம்பிக்கை' என்று படித்த தம்பிமார்கள் சொல்வார்கள். அவர்களிடம்தான் எண்ணும் வேலையைக் கொடுக்க வேண்டும். நூறு விதையை எண்ணி நோட்டில் எழுதுவதில் நம்பிக்கை எதுவும் தேவைப்படுவதில்லை.

பணத்துக்கும் அலைய வேண்டாம். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிறோம். அதில் பெரும்பகுதி ரேடியோ செட்டுக்கும், பிளக்ஸ் பேனருக்கும், ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கும் போகிறது. அதிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்கி, மூடி இறுகிய பத்துப் பன்னிரண்டு டப்பாக்களும் ஒரு நோட்டும் வாங்கினால் ஊர் விதைப் பெட்டி தயார். சோதனையில் தேறிய வீட்டார் ஒவ்வொரு விதையிலும் ஒரு படி போடட்டும். தேறாத வீட்டார் ஒரு படி வாங்கிக்கொண்டு, தை அறுவடையில் இரண்டு படியாகத் திருப்பட்டும். யார் வீட்டு விதை, எந்தக் காடு, எத்தனை முளைத்தது என்று நோட்டில் எழுத வேண்டும். நோட்டு மகளிர் குழுவிடம் இருந்தால் பத்திரமாக இருக்கும். ஆண்களிடம் கொடுத்தால் அடுத்த திருவிழாவில் தேட வேண்டியிருக்கும்.

கரைக்கும் நாளுக்கு ஒரு வார்த்தை. ஓட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூவும் ஜிகினாத் தாளும் தெர்மாக்கோலும் ஒட்டி, அப்படியே ஊருணியில் தள்ளும் பழக்கம் பரவியிருக்கிறது. பூவும் தாளும் தண்ணீருக்குள் போக வேண்டாம். முளையைத் தண்ணீரில் காட்டிவிட்டு, ஓட்டிலுள்ள எருவையும் வைக்கோலையும் கரையேற்றி எருக்குழியில் போட்டால் மட்கி உரமாகும்.

காப்புக் கட்ட இன்னும் நாளிருக்கும் ஊர்களில், இந்த வாரமே குலுக்கையையும் பானையையும் திறந்து, வண்டு விழுந்த விதையைச் சலித்து அகற்றி, ஒரு நாள் இளவெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள். காப்புக் கட்டி முடிந்துவிட்ட ஊர்களில் கடைத் தானியம் ஓட்டில் முளைத்துக் கொண்டிருக்கட்டும். நூறு விதைச் சோதனையை இன்று மாலைகூடத் தொடங்கலாம்.